பானையில் வெட்டிய காஸ்கற்

பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டி திருத்துகிற கடையில் அத்தனை வருசம் வேலை செய்தும் நான் ஒருநாளாவது அதில் ஏறி ஓடினதில்லை. பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சிரிக்கிறது எனக்குத் தெரியும். கடை முதலாளியும் இதைச் சொல்லித்தான் என்னைப் பகிடி பண்ணுவார். அவர் வடக்கே, சுரங்கத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். நடக்கப் பழகமுதலே ஸ்னோமொபைலில் இருந்தவர். “நீ குதிரைக்கு லாடம் அடிப்பாய், ஆனா குதிரையைக் கண்டா ஓடுவாய்” என்பார்.

ஊரில் போர் முடிந்த வருசம் ரொறன்ரோவில் ரெக்ஸ்டேல் பக்கம் இருந்த அந்தக் கடையில் நாங்கள் செய்த ஒரு எஞ்சினைப் பற்றி எழுதித் தாங்கோ என்று மகள் கேட்டாள். எழுத உட்கார்ந்தால் உங்கள் சித்தப்பாவின் கதையும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

அந்த ஸ்னோமொபைல் மேற்குப் பக்கத்து மலைக்குப் போவதற்காக வந்தது. ரொறன்ரோவில் விழுகிற பனி அடுத்த நாளே உப்பும் சேறுமாகிவிடும். மலையில் விழுவது வேறு. முதலாளி அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லுவார். அரித்த அரிசிமா மாதிரி, இடுப்புக்கு மேலே நிற்குமாம். கையில் அள்ளி உருட்டினால் உருண்டையாக வராதாம். அந்தப் பனியில் வண்டி நிற்காது, மிதக்கும். அடியில் ஓடுகிற நீளமான ரப்பர்ப் பட்டி வேகமாகச் சுற்றுகிற வரைக்கும்தான் அந்த மிதப்பு. எஞ்சின் ஒரு கணம் சோர்ந்தால் பட்டி கீழே கிண்டத் தொடங்கும், வண்டி தாழும், ஏறின ஆள் சரிவின் நடுவில் மாட்டுப்படுவார். மேலே இருக்கிற பனி இறங்கி வந்தால் ஆளையும் மூடும், வண்டியையும் மூடும்.

மேலே போகப்போகக் காற்றும் மெலிசு. எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அதற்குத்தான் ரேர்போ பூட்டுகிறது. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சின்னக் காற்றாடி அது. ஆனால் அமத்தின காற்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெற்றோல் தன் நேரத்துக்கு முதலே வெடித்துவிடும். அதை நொக் என்போம். உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரிக் கேட்கும். கொஞ்ச நேரம் அடிக்க விட்டால் பிஸ்ரனில் ஓட்டை விழும். அதனால் ரேர்போ பூட்டும்போது எஞ்சினின் தலையைக் கழற்றி, தலைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காஸ்கற் என்கிற அடைப்புத் தகட்டைத் தடிப்பான செப்பில் வெட்டி வைப்போம். உள்ளே இடம் கொஞ்சம் கூடும், அமுக்கம் குறையும், அடி நிற்கும்.

வண்டிக்காரர் வீடுகள் கட்டிக் கொடுக்கிற ஒரு ஒப்பந்தக்காரர். ஒவ்வொரு பங்குனி கடைசியிலும் மலைக்குப் போகிறவர். அதற்கு முதல் வண்டி தயாராக வேண்டும்.

அப்போது ஊரில் சித்தப்பாவும் சித்தியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருந்த ஒடுங்கின மணலில் இருந்தார்கள். ஆமி முன்னேற முன்னேற அந்த மணல் ஒவ்வொரு கிழமையும் ஒடுங்கிக்கொண்டே வந்தது. நான் எங்கள் வீடு இருந்த ரூஜிலிருந்து காரில் வேலைக்குப் போகும்போது தமிழ் ரேடியோவில் ஆமி பிடித்த ஊர்ப் பெயர்களைச் சொல்லுவார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும், அவர்கள் அதற்கும் அங்காலே போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளுவேன். அங்காலே கடல் மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்த நாளில் ரேடியோவை நிற்பாட்டிவிட்டேன். அடுத்த நாள் திரும்பவும் போட்டேன்.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பாடமாக இருந்தது என் செல்போன் நம்பர் மட்டும்தான். அங்கே யாரோ ஒருவரிடம் சற்லைற் போன் இருந்தது. அதில்தான் எப்போதாவது கதைப்பார். நாங்கள் திருப்பி எடுக்க முடியாது. எஞ்சின் ஓட்டிப் பார்க்கிற அறைக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்பது கடைச் சட்டம். முதலாளி எனக்கு மட்டும் விட்டார். “அது அடிச்சா எதையும் போட்டிட்டு எடு. ஆனா ஸ்பனரை எஞ்சினுக்குள்ளை போடாதை” என்றார்.

அது அடித்தபோது எஞ்சினின் தலை மேசையில் இருந்தது. என் கையில் செப்புக் காஸ்கற். எங்களுக்குக் காலமை, அவர்களுக்குப் பின்னேரம்.

“அண்ணை, நான்தான். கனக்கக் கதைக்கேலாது. ஒரு போட் கிடைச்சிருக்கு. கடலாலை வெளிக்கிடப் போறம்.”

“பிள்ளையள்?”

“இருக்குதுகள். அண்ணை, மோட்டர்தான் பிரச்சினை. பதினைஞ்சு குதிரைவலு, பழசு. பெற்றோல் ஒரு சோடாப் போத்தல்தான் இருக்கு, அது ஸ்ராட் பண்ண மட்டும் காணும். மிச்சத்துக்கு மண்ணெண்ணெய். சூடேறி, பிடியைத் திருப்பினவுடனை உள்ளுக்கை அடிக்குது. பிறகு நிண்டு போகுது.”

“தகரத்துக்கை ஆணி போட்டுக் குலுக்கின மாதிரியோ?”

“ஓம். அதேதான்.”

எனக்கு அது புதிதில்லை. பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் கரையோரம் மோட்டர் திருத்தினவன் நான். சித்தப்பா அப்போது சின்னப் பொடியன், வலை இழுக்கத்தான் போவான், மோட்டர்ப் பக்கம் வரமாட்டான். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட மோசம், அமுக்கத்தைத் தாங்காது. கையில் இருந்த செப்பைப் பார்த்தேன். மலைக்கும் கடலுக்கும் மருந்து ஒன்றுதான்.

“தலையைக் கழட்டு. தடிப்பா ஒரு காஸ்கற் போடவேணும்.”

“இஞ்சை காஸ்கற்றுக்கு எங்கை போறது அண்ணை? கடையே திறந்திருக்கு?”

“அலுமினியம் ஏதும் இருக்கோ? தடிப்பாய்?”

பின்னால் சித்தியின் குரல் கேட்டது. “என்னவாம்?”

“அலுமினியம் கேக்கிறார்.”

“என்ர சோத்துப் பானைதான் இருக்கு.”

“அதைத்தான் கேக்கிறார் போலை.”

“அப்ப கஞ்சியை என்ன, உள்ளங்கையிலையே காய்ச்சிறது?”

“காய்ச்சிறதுக்கு அரிசி இருக்கோ?” என்று சித்தப்பா கேட்டார். பானை மணலில் விழுகிற சத்தம் கேட்டது. சித்தி எறிந்தாவோ வைத்தாவோ தெரியாது.

நான் வேகமாகச் சொன்னேன். பழைய காஸ்கற்றைப் பானையின் அடியில் வைத்துக் கீறு. ஆணியால் துளை. வெட்டினதுக்குப் பிறகு சவுக்காரம் பூசி நெருப்பில் பிடி. சவுக்காரம் கறுத்தவுடனே எடுத்துவிடு, அதற்கு மேலே பிடித்தால் உருகிப் போகும். ஆறினால் மெழுகு மாதிரி வளையும். அப்போதுதான் ஒட்டிப் பிடிக்கும்.

“சவுக்காரம் ஒரு துண்டு கிடக்கு” என்றார். அதோடு போன் நின்றுவிட்டது.

முதலாளி வாசலில் நின்றார். விசயத்தைச் சொன்னேன். அவர் செப்பை வாங்கிப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். “பானை இதைவிடத் தடிப்பாயிருந்தா?” என்று கேட்டார். பிறகு, “இருக்காது. சரியாத்தான் இருக்கும்” என்று தானே சொல்லிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே வண்டியைப் பூட்டி, டைனோவில் ஏற்றினோம். டைனோ என்றால் எஞ்சினைக் கட்டிப் பிடித்து, எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிற இயந்திரம். முதலாளி நொக்கைக் கேட்பதற்குத் தானே ஒரு சாமான் செய்து வைத்திருந்தார். செப்புக் குழாயின் ஒரு முனையை எஞ்சின் தலையில் இறுக்கி, மற்ற முனையில் ரப்பர்க் குழாய் மாட்டி, காதை மூடுகிற கவசத்துக்குள் விட்டிருந்தார். டொக்ரர் நெஞ்சில் வைத்துக் கேட்கிறது மாதிரித்தான். அதை மாட்டிக்கொண்டால் வெளிச் சத்தம் எல்லாம் தூரப் போய்விடும், எஞ்சினின் வயிறு மட்டும் கேட்கும்.

முதலாளி கொம்பியூற்றரில் பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைத்தார். நான் கவசத்தை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு அடியும் இல்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். ஆனால் அவருடைய முகம் மலரவில்லை. திரையில் இருந்த கோட்டைக் காட்டினார். அது தொடக்கத்தில் தரையோடு படுத்துக் கிடந்து, பிறகுதான் எழும்பியது.

“அடி நிண்டிட்டுது. ஆனா ஆள் சோம்பேறி ஆயிட்டார். ரேர்போ முழிக்கிற வரைக்கும் பலம் இல்லை. அது முழிக்கிறதுக்குள்ளை வண்டி பனிக்குள்ளை புதைஞ்சிடும்.”

அமுக்கத்தைக் குறைத்தால் பலமும் குறையும். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. ஆனால் அந்த நேரம்தான் நெஞ்சில் பட்டது. இந்த வண்டிக்கு ரேர்போ இருக்கிறது, பிந்தியாவது கைகொடுக்கும். சித்தப்பாவின் மோட்டருக்கு என்ன இருக்கிறது? அடி நிற்கும். பிறகு ஆட்கள் ஏறினால் அது இழுக்காது. இதை அவருக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வழியில்லை. அவர்கள் நடுக்கடலில் வைத்துத்தான் அதைக் கண்டுபிடிப்பார்களோ என்று நினைத்தபோது கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். முதலாளி கோப்பி எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்லுகிறது? பின்னேரங்களில் உங்களையும் கூட்டிக்கொண்டு டவுன்ரவுனுக்குப் போனோம், எங்கள் சனம் போரை நிறுத்தச் சொல்லிக் கொடியும் படமும் பிடித்துக்கொண்டு றோட்டுக் கரையில் நின்ற இடத்துக்கு. சத்தத்தில் போன் கேட்காது என்று அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் வருவா. என்ன வேண்டினாய் என்று கேட்டால், “போன் கோல் வரவேணும்” என்று மட்டும் சொல்லுவா. அதற்கு மேலே கேட்க அவவுக்கும் பயம்.

கடையில் நாங்கள் வண்டியின் சோம்பலைப் போக்கிக்கொண்டிருந்தோம். எஞ்சினுக்கும் பட்டிக்கும் நடுவில் இருக்கிற கிளச்சில் சின்னச் சின்ன இரும்புப் பாரங்கள் இருக்கும். பாரம் கூடினால் கிளச் முந்திப் பிடித்து எஞ்சினை அமுக்கும். பாரத்தைக் குறைத்தால் எஞ்சின் முதலில் சுதந்திரமாகச் சுற்றி எழும்பும், பிறகுதான் சுமையைத் தூக்கும். ஆழப் பனிக்கு அதுதான் வேண்டும். முதலாளி ஒவ்வொரு பாரத்தையும் கல்லில் பிடித்து உரைஞ்சி, தராசில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே நிறைக்குக் கொண்டுவந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது.

“அண்ணை, நொக் நிண்டிட்டுது! பானை நல்ல வேலை செய்யுது.”

“இழுக்குதோ?”

“அதுதான். இழுக்குதில்லை. ஆக்கள் ஏறினவுடனை முக்குது. கரையிலை அடிக்கிற அலையைத் தாண்டமாட்டன் எண்டுது. இருங்கோ, கேளுங்கோ.”

போனை மோட்டருக்குக் கிட்டப் பிடித்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். முதலாளி உரைஞ்சுகிற கல்லை நிற்பாட்டிவிட்டுக் குனிந்து கேட்டார். மண்ணெண்ணெயில் ஓடுகிற அந்தப் பழைய சத்தம், பின்னால் அலை, ஒரு குழந்தை அழுகிறது, யாரோ “தள்ளுங்கோ, தள்ளுங்கோ” என்று கத்துகிறார்கள். ரெக்ஸ்டேலில் அந்தச் சின்ன அறைக்குள் அது எல்லாம் கேட்டது.

“சுத்தமா ஓடுது. ஆனா நெரிபடுது. எத்தனை பேர் போட்டிலை?” என்று முதலாளி இங்கிலீசில் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன்.

“ரெண்டு குடும்பம் எண்டுதான் தொடங்கினது அண்ணை. இப்ப ஆற்றையோ பிள்ளையளும் ஏறியிருக்கு. நான் எண்ணேல்லை.”

முதலாளி யோசிக்காமல் சொன்னார், எந்த எஞ்சின்காரனும் சொல்லக்கூடியதைத்தான். பாரம் கூட, பாதியாக்கச் சொல்லு என்றார்.

“உவர் என்ன, ‘ஹாஃப்’ எண்டு சொல்லுறார்?” என்று சித்தப்பா கேட்டார்.

“பாரம் கூடவாம்” என்று மட்டும் சொன்னேன்.

“ஆக்களிலையோ?”

“அவருக்கு உங்கத்தை நிலைமை தெரியாதடா.”

“அதை மட்டும் சொல்லாதேங்கோ அண்ணை. ஆரை இறக்கிறது? எல்லாரும் பிள்ளையளை வைச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாக்குதுகள்.”

முதலாளிக்குத் தமிழ் விளங்காது. ஆனால் குரல் விளங்கினது. முகம் சிவந்துபோய்க் கையில் இருந்த இரும்புப் பாரத்தையே பார்த்தார். பிறகு அதை எனக்கு முன்னால் நீட்டினார். எனக்கு உடனே பிடிபட்டது.

“டேய், கேள். ஆக்களை விடு. புறொப்பலரை வெட்டு. தண்ணியைத் தள்ளுற இலையளின்ர நுனியைக் கொஞ்சம் குறை. அப்ப மோட்டருக்குச் சுமை குறையும், எழும்பிச் சுத்தும். மெல்லமாத்தான் போகும், ஆனா போகும். எல்லா இலையும் ஒரே அளவு வரவேணும். கூடக் குறைய வந்தா ஆட்டி உடைச்சுப்போடும்.”

“எவ்வளவு வெட்டிறது?”

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பெருவிரல் நகத்தைக் காட்டினார்.

“பெருவிரல் நகத்தளவு.”

“ஆற்றை நகம்? உங்கட நகமெண்டா நான் பாதி இலையை வெட்டவேணும்.”

“உன்ர நகமடா!”

சிரித்தார். அவ்வளவு சனத்துக்கு நடுவில், அந்தக் கடற்கரையில் நின்று சித்தப்பா சிரித்தார். அதோடு போன் நின்றது.

வண்டிக்காரர் ட்ரெயிலரோடு வந்து ஸ்னோமொபைலை ஏற்றிக்கொண்டு போனார். மலையில் ஆணி குலுங்குகிற சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிற்பாட்டு, உச்சிக்கு ஆசைப்படாதே என்று முதலாளி அவருக்கு இரண்டு தரம் சொன்னார். சில நாளில் அவர் மலையடிவார ஹோட்டலில் இருந்து போன் பண்ணினார். வண்டி இதுவரை ஏறாத சரிவெல்லாம் ஏறுகிறதாம், மாவைக் கிழித்துக்கொண்டு போகிறதாம். வேறு வருசமென்றால் முதலாளி கடை முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்குக் கிட்ட வந்து, மரண வீட்டில் கதைக்கிறது மாதிரி, “மலை வண்டி நல்லா ஓடுதாம்” என்று மெல்லச் சொன்னார்.

என் போன் அடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அது அடித்தபோது சாதாரண செல்போன் நம்பர் விழுந்தது. சித்தப்பா.

“அண்ணை, எஞ்சின் நிக்கேல்லை” என்றார்.

பக்கத்தில் கிடந்த ரயர் அடுக்கில் குந்திவிட்டேன். “கரை சேர்ந்திட்டியளோ? எல்லாரும்?”

“நான் சேர்ந்திட்டன். கடலிலை நேவி மறிச்சு, கரைக்குக் கொண்டுவந்து, இப்ப ஒரு முகாமிலை வைச்சிருக்கினம். போட்டிலை வந்த எல்லாருக்கும் சுகம்.” பிறகு கேட்டார்: “அவை உங்களுக்குப் போன் எடுத்தவையே?”

“ஆர் அவை?”

அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் எழுதுகிறேன். புறொப்பலரை வெட்டியும் போட் அந்த அலையைத் தாண்டவில்லை. கிட்டத்தட்டத் தாண்டும், திரும்பக் கரைக்கே வந்துவிடும். இன்னும் கொஞ்சப் பாரம் குறைந்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்தது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடு பார்த்து மண்ணெண்ணெய்க்கு மாற்றத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அவர் இறங்க முடியாது.

“மற்றவையளைப் பாத்து இறங்குங்கோ எண்டு எந்த வாயாலை சொல்லுறது அண்ணை? என்ர ஆக்களைத்தான் இறக்கினன். இவையை இறக்கிப்போட்டு உடனை திரும்பி வாறன் எண்டு சொன்னனான். திரும்பப் போக விடேல்லை.”

சித்தியும் பிள்ளைகளும் அந்த மணலிலேயே நின்றார்கள்.

“எடுத்தவையே அண்ணை?” என்று திரும்பக் கேட்டார்.

“இன்னும் எடுக்கேல்லையடா.”

அதற்குப் பிறகு யாரிடமாவது போன் கிடைக்கும்போதெல்லாம் எடுப்பார். ஒரே கேள்வி. என்னிடமும் ஒரே பதில். முந்தி அவருடைய கோல் வரவேண்டும் என்று தவம் கிடந்த நான், இப்போது அவருடைய கோல் என்று தெரிந்தால் எடுக்கப் பயப்பட்டேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் எத்தனை தரம் ‘இன்னும் இல்லை’ என்பது? ஒருநாள் அவர் கேள்வியே கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். பிறகு அவரே வைத்துவிட்டார்.

வைகாசியில் போர் முடிந்தது. ரேடியோவில் ஊர்ப் பெயர் சொல்லுவது நின்றுபோனது. அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன், வீட்டில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதால். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை, வேலை தரவும் இல்லை. நான் ஏற்கெனவே கூட்டின தரையைத் திரும்பவும் கூட்டினேன்.

அந்தக் கிழமையில்தான் மலை வண்டி கோடைக்குப் பூட்டி வைக்கவென்று திரும்பி வந்தது. வண்டிக்காரர் படங்கள் காட்டினார். சுவர் மாதிரி நிற்கிற வெள்ளைச் சரிவு, அதில் அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒற்றைக் கோடு. முதலாளி எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நொக் அடித்த எஞ்சின் என்றால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரிப் புள்ளி இருக்கும். ஒரு புள்ளியும் இல்லை. “நாங்கள் பிழையாச் செய்யேல்லை” என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பழைய மோட்டரும் பிழையாக ஓடவில்லை. அது ஓடினபடியால்தான் ஒரு குடும்பம் இரண்டு துண்டானது என்ற எண்ணம் எனக்குள் வந்து இருந்துகொண்டது. ஓடாமல் விட்டிருந்தால் எல்லாரும் ஒன்றாய் நின்றிருப்பார்கள். நின்று என்ன ஆகியிருப்பார்கள்? போட்டில் போன பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்? இதற்கு மேலே யோசிக்க எனக்குப் பலம் இல்லை.

கோடையில் எங்கள் கடையில் புல்லு வெட்டுகிற மெஷின்தான் திருத்துவது. ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அலகைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அண்ணை, நான். பிள்ளையள் என்னோட நிக்குதுகள். ரெண்டும் நிக்குதுகள்.”

சித்தி. வேறு ஒரு முகாமில் யாரோ ஒருவரின் போன். பின்னால் வரிசை போலிருந்தது. “கெதியா முடியணை அக்கா” என்று ஒரு பெண் சொல்லுவது கேட்டது.

கையில் இருந்த ஸ்பனரைத் தரையில் வைத்தேன். சித்தியே கேட்டா. “அவரின்ர சங்கதி ஏதும் தெரியுமோ அண்ணை? எஞ்சின் நிண்டு நடுக்கடலிலை... திரும்பி வரேல்லை. நான் அப்பிடித்தான் நினைச்சு வைச்சிருக்கிறன். எதெண்டாலும் சொல்லுங்கோ.”

“எஞ்சின் நிக்கேல்லை. அவன் இருக்கிறான். முகாமிலை இருக்கிறான். உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.”

அழப்போகிறா என்று நினைத்தேன். கோபம்தான் வெடித்தது.

“இருக்கிறாரோ? நல்லது. ஊரான் பிள்ளையளைக் கரை சேர்த்த புண்ணியவான் நல்லா இருக்கட்டும். என்னையும் பிள்ளையளையும் கையைப் பிடிச்சு இழுத்து இறக்கினவர். செருப்பைக் கூட எடுக்க விடேல்லை அண்ணை! போட்டுக்கை கிடந்தது, எடுத்துக்கொண்டு இறங்கிறன் எண்டன், நேரமில்லை எண்டு அலைக்குள்ளை இறக்கிவிட்டிட்டுப் போயிட்டார். நான் ஆமிப் பக்கம் வாற அவ்வளவு தூரமும் ரெண்டு பிள்ளையளோட வெறுங்காலிலை நடந்தனான். அவருக்குச் சொல்லுங்கோ, நான் அவரோட கதைக்கமாட்டன். பிள்ளையள் வேணுமெண்டா கதைக்கட்டும்.”

“அக்கா, கெதியா” என்றது பின்னால் நின்ற குரல். போன் நின்றது. நான் புல்லு மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டு அழுதேன். முதலாளி ஓடி வந்தார். “நல்ல செய்தி, நல்ல செய்தி” என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் நம்பாமல் நின்றார்.

சித்தப்பாவின் கோல் வர இன்னும் நாள் எடுத்தது. அதற்குள் நான் என்ன சொல்லுகிறது என்று ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். ஏச்சைச் சொல்லக்கூடாது என்று உங்கள் அம்மாவும் சொல்லியிருந்தா.

“அவை எடுத்தவையடா. மூண்டு பேரும் சுகம். உன்னைக் கனக்கக் கேட்டவ. ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம்.”

சித்தப்பா நம்பவில்லை.

“அண்ணை, இஞ்சை ஒருத்தருக்கு இப்பிடித்தான் சொல்லிச்சினம். எல்லாரும் சுகம், யோசிக்காதை எண்டு. பிறகுதான் உண்மை தெரிஞ்சது. நீங்களும் பொய் சொல்லாதேங்கோ. நான் தாங்குவன். சொல்லுங்கோ.”

“பொய் இல்லையடா.”

“கனக்கக் கேட்டவவோ? யோசிக்க வேண்டாம் எண்டவவோ? அவ அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை அண்ணை.”

குரல் உடைந்துகொண்டு வந்தது. ஆயத்தம் பண்ணினதை எல்லாம் விட்டுவிட்டு, சித்தி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். ஊரான் பிள்ளை, புண்ணியவான், கையைப் பிடித்து இழுத்தது, செருப்பு, வெறுங்கால், கதைக்கமாட்டன் என்றது, எல்லாம்.

சித்தப்பா கத்தி அழுதார். அங்கே பக்கத்தில் நின்றவர்கள் என்ன, என்ன என்று கேட்பது எனக்குக் கேட்டது. “இருக்கிறா, அவ இருக்கிறா” என்று அவர்களுக்குச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்: “செருப்பு என்னட்டைத்தான் இருக்கு அண்ணை. போட்டாலை இறங்கேக்கை எடுத்துக்கொண்டு வந்தனான். தலைமாட்டிலை வைச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

சித்தி அடுத்த தரம் எடுத்தபோது முதல் வேலையாக அதைச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

“ஒரு செருப்பிலை வார் அறுந்திருக்கு” என்றா. “சும்மா வைச்சிராமல் தைக்கச் சொல்லுங்கோ.”